ஆயிரம் என்ற எண்ணிலிருந்து

நவம்பர் 10, வெள்ளி

ஃபயர்வாலில் கை வைத்தால் என்ன மாற்றினோம், என்றைக்கு மாற்றினோம் என்று எழுதி வைக்க வேண்டும் என்பது எங்களுக்குப் போன் லைன் கொடுத்த மதுரைக் கம்பெனியின் பார்கவன் போட்ட சட்டம். அதனால்தான் எழுதுகிறேன். மற்றபடி எனக்கு டைரி எழுதும் பழக்கம் கிடையாது.

புயல் வடக்கே போய்விட்டது. மழை மட்டும் விட்டுவிட்டுப் பெய்கிறது. நான் வேலை பார்க்கும் மீனவர் சங்கத்தின் தகவல் அறையில் காலையிலிருந்து நிற்க இடமில்லை. நாள்கணக்கில் தங்கி மீன் பிடிக்கத் தங்குகடலுக்குப் போன படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு படகும் கரையைத் தொடும்போது அந்தப் படகுக்காரர் வீட்டுக் கூட்டம் கழன்று போகும். சாயங்காலம் மிச்சமிருந்தது சலேத் மாதா படகின் கூட்டம் மட்டும்தான். ஏழு பேர் போன படகு. டிரைவர் என் அண்ணன் ரொசாரி.

விளக்குப் போடும் நேரத்தில் போன் அடித்தது. போன் மேசையில் இருக்கும் இன்பென்டாதான் எடுத்தாள். சலேத் மாதாவின் சாட்டிலைட் போன் எண். ஒரே காற்றுச் சத்தம் என்றாள். யாரோ கத்திக் கத்தி "எஞ்சின்" என்று சொல்லியிருக்கிறார். பிறகு நிற்கிற இடத்தைச் சொல்ல ஆரம்பித்து, "எட்டு டிகிரி" என்றதோடு லைன் அறுந்துவிட்டது. யார் குரல் என்று அவளுக்குத் தெரியவில்லை. நாங்கள் திரும்பக் கூப்பிட்டால் போகவில்லை.

இந்தக் கோளாறு புதிதல்ல. எங்களுடையது இன்டர்நெட் வழியாக ஓடும் போன். போன மாதம் எவனோ வெளிநாட்டிலிருந்து எங்கள் லைனுக்குள் புகுந்து அவன் இஷ்டத்துக்குப் பேசியதால், காவலுக்கு இந்த ஃபயர்வால் பெட்டியை வைத்தார்கள். அன்றிலிருந்து நாம் பேசப் போனால் எவ்வளவு நேரமும் பேசலாம். வெளியிலிருந்து வருகிற அழைப்பு மட்டும் அரை நிமிடத்தில் அறுந்துவிடுகிறது. சாதாரண நாளில் அது எரிச்சல், அவ்வளவுதான்.

பிரகாசி மைனி, அண்ணன் மனைவி, கதவோரமாக நின்றுகொண்டிருந்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை.

நவம்பர் 11, சனி

வயர், சுவிட்ச், போன் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தாயிற்று. இன்பென்டாவின் செல்போனிலிருந்து கூப்பிடச் சொன்னேன். அடிக்கிறது, எடுக்கிறேன், பேசுகிறாள், அரை நிமிடத்தில் செத்துவிடுகிறது. எத்தனை தரம் செய்தாலும் அப்படியே.

சாலையில் தண்ணீர் நிற்பதால் பார்கவன் வர முடியாது. செல்போனிலேயே பாடம் நடத்தினார். நாம் போனை எடுத்ததும் இங்கிருந்து "எடுத்தாயிற்று" என்று ஒரு செய்தி போகுமாம். அங்கிருந்து "தெரிந்தது" என்று ஒரு பதில் வர வேண்டும். அந்தப் பதில் வந்து சேராவிட்டால், மறுமுனையில் யாரும் இல்லை என்று முடிவுகட்டி லைன் தானாகவே அறுத்துக்கொள்ளும். நடுவில் பேச்சு நன்றாகக் கேட்டாலும் அது கணக்கில்லை. அந்தப் பதிலைத்தான் காவல்காரப் பெட்டி வழியில் எங்கோ தொலைக்கிறது என்றார்.

சங்கச் செயலாளர் தொம்மை அண்ணாச்சி, பெட்டியைக் கழற்றிக் கடலில் போடு என்றார். எல்லா வயரும் அதன் வழியாகத்தான் போகிறது, கழற்றினால் போனே இருக்காது என்றேன். அவருக்குக் கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். "அப்பம் அதுகிட்ட கேட்டுத்தான் நம்ம பிள்ளையள் பேசணுமோ" என்றார்.

தேடுகிற கப்பல் போயிருக்கிறது. எட்டு டிகிரி என்பதை வைத்துக்கொண்டு எங்கே தேடுவார்கள்? அது மணப்பாட்டிலிருந்து மாலத்தீவு வரைக்கும் கிடக்கிறது.

நவம்பர் 12, ஞாயிறு

பூசையில் ஏழு பேர் பெயரையும் வாசித்தார்கள். அண்ணன் பெயரைக் கடைசியாக வாசித்தார்கள். டிரைவர் பெயரை முதலில் வாசித்திருக்கலாம்.

நவம்பர் 13, திங்கள்

கோளாறு பிடிபட்டது. ஃபயர்வாலுக்குள் போனுக்கு உதவி செய்வதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது. வருகிற செய்தியைப் பிரித்து, விலாசத்தைத் தனக்குத் தெரிந்தபடி திருத்தி அனுப்பும். அந்தத் திருத்தத்தில்தான் பதில் வழி தவறிப் போயிருக்கிறது. யாரும் கேட்காத உதவி. அதை அணைத்தேன். இன்பென்டா வெளியே போய்க் கூப்பிட்டு, வேண்டுமென்றே நீட்டி நீட்டித் தன் நாத்தனாரைப் பற்றிப் பேசினாள். லைன் அறவில்லை. முற்பகலிலேயே எல்லாம் சரியாகிவிட்டது.

சரியான பிறகு போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மத்தியானம் வரை அடிக்கவில்லை. மத்தியானத்துக்குப் பிறகும் அடிக்கவில்லை. கோளாறு இருந்த மட்டும் ஒரு வசதி இருந்தது. அண்ணன் கூப்பிடுகிறான், பெட்டிதான் விடமாட்டேன் என்கிறது என்று நினைத்துக்கொள்ளலாம்.

சாப்பிடப் போகும் வழியில் மைனி வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். அண்ணனும் அவரும் மட்டும் இருக்கிற வீடு. வாசல் கதவு விரியத் திறந்து கிடக்கிறது. எங்கள் கரையில், கடலுக்குப் போன ஆள் சொன்ன நாளில் திரும்பாவிட்டால் அவர் வரும்வரை அந்த வீட்டு வாசல் கதவைச் சாத்த மாட்டார்கள். வருகிறவர் கதவைத் தட்டும்படி வைக்கக் கூடாது. மழைத் தண்ணீர் நடுவீடு வரை வந்து, மைனி கோணியைப் போட்டு வைத்திருந்தார். ஒரு நாய் கட்டிலுக்குக் கீழே படுத்திருந்தது. அதை விரட்டவுமில்லை.

திரும்பி வந்து ஃபயர்வாலைத் திறந்துவிட்டேன். முழுக்க. எந்தத் திசையிலிருந்து எவர் வந்தாலும் நேரே போனுக்கு விடும்படி. பார்கவன் இதைச் செய்யவே கூடாது என்று சொல்லியிருக்கிறார். கம்பெனியின் விலாசத்திலிருந்து வருவதை மட்டும் விடுங்கள், அழைப்புகள் எல்லாம் அந்த ஒரு வழியாகத்தான் வரும் என்பார். எனக்கும் அது தெரியும். இருந்தாலும் திறந்தேன். இதை அவரிடம் சொல்லவில்லை.

சாயங்காலம் போன் அடித்தது. எண் இருக்கும் இடத்தில் 1000 என்று மட்டும் காட்டியது. நான்தான் எடுத்தேன். பேச்சில்லை. கொர் என்ற இரைச்சல்கூட இல்லை, அப்படி ஒரு நிசப்தம். "அண்ணா" என்றேன். அரை நிமிடத்தில் அறுந்தது.

நவம்பர் 14, செவ்வாய்

காலையிலிருந்து அதே எண். அடிக்கிறது, எடுத்தால் மௌனம், அரை நிமிடத்தில் அறுகிறது. பிறகு கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். மற்றவர்கள் கூப்பிட்டால் லைன் அறாமல் நிற்கிறதே, இது மட்டும் ஏன் பழையபடி அறுகிறது என்று இன்பென்டா கேட்டாள். நல்ல கேள்விதான். சாட்டிலைட் போனில் பேட்டரி இறங்கியிருக்கும், சத்தம் வராமல் சிக்னல் மட்டும் வரும் என்று ஏதோ சொல்லி வைத்தேன். நான் சொன்னால் அவள் நம்புவாள். இந்த அறையில் எல்லோரும் நம்புவார்கள்.

மைனிக்கு யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். ஈரச் சேலையோடு வந்தார். அடுத்த அழைப்பு வந்ததும் ரிசீவரை அவர் கையில் கொடுத்தேன். காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். அறுந்த பிறகும் கொடுக்கவில்லை.

"சத்தமே இல்லியே மைனி, என்ன கேட்டிய?" என்றேன்.

"இருக்காவ" என்றார். "அவிய போனுல எப்பம் பேசியிருக்காவ? நாந்தான பேசுவேன். அங்கன இருந்து கேட்டுக்கிட்டு இருப்பாவ."

அது உண்மைதான். அண்ணன் போனில் கஞ்சன். நடுக்கடலிலிருந்து கூப்பிட்டாலும் "ம்" என்பான், வைத்துவிடுவான்.

பிறகு மைனி பேச ஆரம்பித்தார். அரை நிமிடத்துக்குள் ஒரு விஷயத்தைச் சொல்லி முடிக்கப் பழகிக்கொண்டார். அறுந்தால் காத்திருப்பார், அடித்தால் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். புருஷனும் பெண்டாட்டியும் பேசுவதைக் கேட்டுக்கொண்டு நிற்பது நன்றாக இல்லை. நானும் இன்பென்டாவும் வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டோம். கண்ணாடி வழியாகப் பார்த்தபோது மைனி சிரித்துக்கொண்டிருந்தார். இந்த நாலைந்து நாளில் அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

நவம்பர் 15, புதன்

மற்ற ஆறு வீட்டுப் பெண்களும் வந்துவிட்டார்கள். வரிசை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இன்று இடைவெளியே இல்லாமல் அடிக்கிறது, யார் முறையோ அவர் எடுக்கிறார். ஒருத்தி மகனிடம் பேசுகிறாள், ஒருத்தி புருஷனிடம். ஒரு பெரியம்மா பேசத் தெரியாமல் ஜெபம் சொன்னார். யாரும் அழவில்லை. ரிசீவரைக் கொடுக்கும்போது மட்டும் முந்தானையால் துடைத்துக் கொடுக்கிறார்கள். ஜன்னலைத் திறந்து வைத்தேன்.

படகிலிருந்து அழைப்பு வந்துகொண்டிருக்கிறது என்று தொம்மை அண்ணாச்சி அதிகாரிகளிடம் சொல்லிவிட்டார். தேடுவதை நிறுத்திவிடலாமா என்று யோசித்தவர்கள், இன்னும் இரண்டு நாள் பார்க்கிறோம் என்று ஒப்புக்கொண்டார்களாம். வெளியே வந்து என் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

மத்தியானம் பார்கவன் கூப்பிட்டார், என் செல்போனில். அங்கிருந்தபடியே நம் பெட்டியைப் பார்க்க அவரால் முடியும். நான் திறந்து வைத்திருப்பதைப் பார்த்துவிட்டார். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை.

"ஆயிரம்னு ஒரு நம்பர் வருதா மேடம்?" என்று கேட்டார்.

வருகிறது என்றேன்.

அது ஆளில்லாத அழைப்பு என்றார். உலகம் பூராவும் திருட்டு மெஷின்கள் இரவு பகலாக ஒவ்வொரு விலாசமாகத் தட்டிக்கொண்டே போகுமாம். எங்கே கதவு திறந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. திறந்திருந்தால் உள்ளே இருக்கும் போன் அடிக்கும். எடுத்தால் பேச அங்கே ஒருவரும் இல்லை. "தெரிந்தது" என்று பதில் சொல்லவும் ஒருவரும் இல்லை. அதனால்தான் அரை நிமிடத்தில் அறுகிறது. எங்கிருந்து வருகிறது என்று பட்டியலைச் செல்போனில் அனுப்பிக் காட்டினார். ஒன்று எங்கோ குளிர்நாடு, இன்னொன்று வேறொரு கண்டம். கடலில் இருந்து ஒன்றுகூட இல்லை. மூடிவிடுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவர் சொல்வதில் ஒரு தப்பும் இல்லை. எனக்கு இது திங்கட்கிழமை சாயங்காலமே தெரிந்திருக்க வேண்டியது.

அறைக்குள் போனேன். மைனி முறை நடந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, "ஒனக்குப் பேசணுமா பிள்ள?" என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு டீ வாங்கிக் கொடுக்கப் போய்விட்டேன்.

நவம்பர் 16, வியாழன்

மழை விட்டது. புயலுக்குப் பிறகு இன்றுதான் சுள்ளென்று வெயில். தெரு பூராவும் பாயும் தலையணையும் காய்கின்றன.

தேடுவதை நிறுத்தக் கூடாது என்று மனு கொடுக்க ஏழு வீட்டுப் பெண்களும் வேன் பிடித்துக் கலெக்டர் ஆபீசுக்குப் போனார்கள். இன்பென்டாவும் துணைக்குப் போனாள். மைனிக்குப் போக மனசில்லை. போன் வந்தா யாரு எடுப்பா என்றார். நான் எடுக்கிறேன் என்று சொல்லி ஏற்றிவிட்டேன்.

வேன் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் தொம்மை அண்ணாச்சி வந்தார். முகம் சரியில்லை. தேடுகிற கப்பலிலிருந்து நேற்றெல்லாம் நம் எண்ணுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், ஓயாமல் எங்கேஜ்டு என்று வந்திருக்கிறது. தண்ணீரில் ஒரு மரப்பலகை கண்டிருக்கிறார்கள். அதில் இருக்கும் பெயிண்ட் சலேத் மாதாவுடையதுதானா என்று கேட்கத்தான் கூப்பிட்டது. கடைசியில் எப்படியோ அவர் செல் நம்பரைத் தேடிப் பிடித்துக் கேட்டிருக்கிறார்கள். அதே பெயிண்ட்தான். ஒரு நாள் வீணாகிவிட்டது.

அப்போதுதான் பார்கவன் சொன்னதை அவரிடம் சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"பொம்பளையளுக்குத் தெரியாண்டாம்" என்றார். "அவிய வரதுக்குள்ள மூடிரு."

அவர் போன பிறகு மூன்று தரம் அடித்தது. நான் எடுக்கவில்லை. நான்காவது தரம் எடுத்தேன். மைனி ஊருக்குப் போயிருக்காவ, இப்பம் வந்திருவாவ என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. வேறு ஒன்றும் சொல்லவில்லை.

மூடினேன். கம்பெனி விலாசம் ஒன்றைத் தவிர வேறு எதையும் விடாதபடி. நேரம் பார்த்து எழுத மறந்துவிட்டேன், உச்சி வெயில் நேரம். பார்கவன் அங்கிருந்து சோதித்துவிட்டு, "இப்ப பெர்ஃபெக்ட்" என்றார். வெளியிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தோம். குரல் தெளிவாக வருகிறது, அறுவதே இல்லை. எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறது.

நவம்பர் 17, வெள்ளி

மைனி விடிந்ததுமே வந்து மேசையருகில் உட்கார்ந்துவிட்டார். நேற்று வேன் திரும்பி வர இருட்டிவிட்டது, நேரே வீட்டுக்குப் போய்விட்டார்கள். நேத்து போன் வந்ததா என்று கேட்டார். காலையில் வந்தது, மைனி ஊருக்குப் போயிருப்பதாகச் சொன்னேன் என்றேன். இதில் பொய் எதுவும் இல்லை.

போன் அடித்ததெல்லாம் மற்ற வேலைக்காக. ஐஸ் கம்பெனி, டீசல் பங்க், மீன்வளத்துறை. ஒவ்வொரு தடவையும் மைனி கை நீட்டினார். இன்பென்டா பேசிவிட்டு வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற பெண்கள் மத்தியானத்துக்கு மேல் ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டார்கள். மைனி போகவில்லை. சாப்பிடக் கூப்பிட்டதற்கும் வரவில்லை.

"நேத்து நா இல்லாம போனதுல கோவமோ?" என்று கேட்டார். என்னிடம் கேட்டாரா போனிடம் கேட்டாரா தெரியாது. நான் மானிட்டரில் வேலை இருப்பது போல் முகத்தை வைத்துக்கொண்டேன்.

பொழுது சாயும்போது தேடுகிற கப்பலிலிருந்து அழைப்பு வந்தது. இன்பென்டா எடுத்து, என்னிடம் கொடுத்துவிட்டாள். அந்த அதிகாரி நிறுத்தி நிதானமாகச் சொன்னார். ஒரு சொல்கூடத் தவறாமல் கேட்டது. இரண்டு பேரை உயிரோடு எடுத்திருக்கிறார்கள். ஐஸ் பெட்டியின் மூடியைப் பிடித்தபடி மிதந்துகொண்டிருந்தார்களாம். பெயர் கேட்டேன். சூசை, அந்தோணிமுத்து.

வேறு பெயர் சொல்வார் என்று கொஞ்ச நேரம் லைனிலேயே இருந்தேன். அவரும் வைக்காமல் இருந்தார்.

நவம்பர் 18, சனி

எழுத ஒன்றுமில்லை. மைனி வீட்டுக் கதவு இன்னும் திறந்துதான் இருக்கிறது. சாத்தச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

நவம்பர் 20, திங்கள்

ஆஸ்பத்திரியில் சூசையைப் பார்க்க விட்டார்கள். நானும் மைனியும் போனோம். இருபத்தைந்து வயது ஆள், உதடெல்லாம் வெடித்து, தோல் உரிந்து, யாரோ கிழவர் படுத்திருப்பது போல் இருந்தது. மைனியைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான். படுக்க வைத்தோம்.

நடந்ததை அவனே சொன்னான். எஞ்சின் நின்றது, போனில் இடத்தைச் சொல்லும்போதே பெரிய அலை வந்து, டிரைவர் நின்று ஓட்டும் வீல்ஹவுசை அடித்துக்கொண்டு போய்விட்டது. சாட்டிலைட் போனும் அதோடு போயிற்று. அதாவது முதல் நாளே. படகு கவிழ்ந்ததில் மூன்று பேர் வெளியே வரவே இல்லை. மிச்சம் நான்கு பேர் ஐஸ் பெட்டி மூடியைப் பிடித்துக்கொண்டார்கள். மழைத் தண்ணீரை வாயைத் திறந்து குடித்தார்கள். ஒருவர் ஞாயிற்றுக்கிழமை போய்விட்டார். பிறகு மிஞ்சியது அண்ணன், சூசை, அந்தோணிமுத்து மூன்று பேர்.

இவ்வளவையும் மைனி கேட்டுக்கொண்டிருந்தார். சூசை கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு அவரைப் பார்த்து, "நீங்க நல்லா சாப்புடணும்க்கா. ரெண்டு உசிருல்லா" என்றான்.

எனக்கு விளங்கவில்லை. மைனியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"ஒனக்கு யாருய்யா சொன்னா?" என்று கேட்டார்.

"ரொசாரி அண்ணந்தான். போன் பேசுனாருல்லா."

போன்தான் முதல் நாளே போய்விட்டது என்றாயே என்றேன் நான். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

ஆமா, போன் இல்லை என்றான் சூசை. அண்ணன் வெறும் கையைத்தான் காதில் பொத்திக்கொண்டு கேட்பாராம். திங்கட்கிழமை வாக்கில் ஆரம்பித்தது. புத்தி கலங்கிவிட்டது என்றுதான் இவர்கள் நினைத்தார்கள். ஆனால் கொஞ்சம் கேட்பார், கையை எடுத்துவிட்டு இவர்களிடம் சொல்வார், மறுபடி கையைக் காதில் வைப்பார். ஊரில் மழை, வீட்டுக்குள்ளே தண்ணீர், நாய் வந்து கட்டிலுக்குக் கீழே படுத்துக்கொண்டது, அந்தோணிமுத்து அம்மா ஜெபம் சொல்கிறார் என்று ஏதேதோ. ஒருநாள் அழுதுகொண்டே சிரித்தாராம். ஒன்பது வருஷம் கழித்து எனக்குப் பிள்ளை வரப்போகுதுடா என்று சொல்லி இவர்கள் இரண்டு பேரையும் உலுக்கினாராம். தூங்கிக் கையை விட்டுவிடாதபடி அதையே சொல்லிச் சொல்லி எழுப்பிக்கொண்டிருந்தாராம்.

மைனி என்னைப் பார்த்தார். "நா ஒங்கிட்டகூட சொல்லல" என்றார். "எங்க அம்மைக்குக்கூடத் தெரியாது. அவிய கடலுக்குப் போனதுக்கப்புறந்தான் எனக்கே தெரியும். அந்தப் போனுல மட்டுந்தான் சொன்னேன்."

அவர் வயிற்றைப் பார்த்தேன். பிறகு ஜன்னலைப் பார்த்தேன். பார்கவன் காட்டிய பட்டியல் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கடலிலிருந்து ஒன்றுகூட இல்லை. அவர் சொன்னது சரி. இப்போதும் சரிதான்.

அண்ணன் எப்போது போனான் என்று மைனிதான் கேட்டார். எனக்குக் கேட்கத் துணிவில்லை.

"எங்கள எடுத்ததுக்கு மொத நாளுக்கா. மழை விட்டு வெயிலு அடிச்சுதுல்லா, அன்னைக்கு. உச்சிப்பொழுதுக்குக் காதுலேருந்து கைய எடுத்தாரு. கட்டாயிட்டுன்னு சொன்னாரு. மறுபடி மறுபடி வச்சுப் பாத்தாரு. அப்புறம் எங்ககிட்ட ஒண்ணுமே பேசல. பொழுது சாயுறதுக்குள்ள ஆளக் காணல."

நர்ஸ் வந்து எங்களை வெளியே போகச் சொன்னாள்.

ஆட்டோவில் திரும்பி வந்தோம். உப்பளம் தாண்டும்போது மைனி என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை சுட்டது.

"போன எப்பம் சரிபண்ணுன, ஜோவி? அந்த நம்பரு வராம?"

"வெள்ளிக்கிழமை காலையில" என்றேன்.

மைனி தலையை ஆட்டிக்கொண்டார். வியாழன், வெள்ளி என்று விரல் விட்டு எண்ணுவது போல் இருந்தது. பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்பம் அவியதான் போன வச்சிருக்காவ" என்றார்.